தண்ணீருக்கு என் உயரம் தெரியும்

கீர்த்திகா இறந்தபின் அவளுடைய கவிதை ஒன்று அச்சில் வந்தது. ஆவணியில் ஒரு சிற்றிதழுக்கு அனுப்பியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. ஐப்பசியில் இறந்தாள். இதழ் தை மாதம் தபாலில் வந்தது. உறையின் மேல் அவள் பெயர்தான் இருந்தது. தபால்காரர் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொடுத்துவிட்டுப் போனார்.

கவிதைக்குத் தலைப்பு இல்லை.

குட்டைக்குக் கறுப்புத் தோல் போர்த்தினார்கள்
அன்றிலிருந்து மழை வெளியேறவில்லை

தவளை ஏறுகிறது
சரிகிறது
ஏறுகிறது

கயிற்றை அவிழ்த்துக் கொண்டுபோனவர்
திரும்பி வருவதாகச் சொன்னார்

நான் அவசரப்படவில்லை
தண்ணீருக்கு என் உயரம் தெரியும்

நான் ஏற்காடு மலைமேல் உள்ள ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர். மூன்றாமாண்டுக்கு நவீன கவிதை என் தாள். யாருக்கும் புரியாத கவிதைகளை வரி வரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்தக் கவிதையை நின்றபடியே படித்தேன். நாலாவது பத்தியில் ஒரு சொல் கூடுதல் என்று முதலில் தோன்றியது. பிறகு கூடுதல் இல்லை என்று தோன்றியது. இதழை மேசைமேல் வைத்துவிட்டுக் குக்கரை அணைத்தேன்.

மாரமங்கலத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் பின்னால் ஒரு பண்ணைக் குட்டை இருக்கிறது. மலைமண்ணில் தண்ணீர் நிற்காது. அதனால் அடியிலும் பக்கங்களிலும் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்திருக்கிறார்கள். காபிச் செடிக்கும் மிளகுக்கும் கோடையில் அந்தத் தண்ணீர்தான். அதில் விழுந்தவர் சுலபத்தில் ஏற முடியாது. பாசி பிடித்த ஷீட்டில் கால் நிற்காது. கைக்கு ஒன்றும் அகப்படாது.

கீர்த்திகா அதில் இறந்தாள். அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, காலையில். கரையில் ஒரு காலி வாளியும் ஜோடியாகக் கழற்றி வைத்த செருப்பும் இருந்தன. கல்யாணமாகி ஏழு வருடம் ஆகாத பெண் என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடந்தது. எல்லாரையும் கேட்டார்கள். தவறி விழுந்தது என்று எழுதினார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அத்தோடு முடிந்திருக்கும். சேலத்தில் வேலை பார்க்கும் அவளுடைய சித்தப்பா மகன் ஒருவன் எங்கோ அந்த இதழைப் பார்த்து, பக்கத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். பெருமையாகத்தான் போட்டான். நம்ம கீர்த்திகா பாட்டு புஸ்தகத்துல வந்திருக்குது என்று எழுதியிருந்தான். கும்பிடும் கைகள் நிறைய வந்தன. பிறகு யாரோ கடைசி இரண்டு வரியை மட்டும் தனியாக எடுத்துப் போட்டுக் கேள்விக்குறி வைத்தார்கள். கும்பிடும் கைகள் நின்றுபோயின.

அவள் பெரியப்பா பொன்னுவேல் அந்தப் பங்காளிக் குடும்பங்களில் மூத்தவர். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா. அந்தக் குடும்பங்களுக்கு அன்று ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குக் கீழே பாறைமேல் அடுப்பு மூட்டுமுன், அந்த வருடம் இறந்தவர்களின் பெயரை மூத்தவர் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அந்த வீட்டுப் பெண் ஒரு பிடி சாமையைப் பாறைமேல் வைத்து, வந்தாச்சுங்க என்பாள். அதற்குப் பிறகு இறந்தவர் சாமியோடு சேர்த்தி. வருடாவருடம் சோறு உண்டு. தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவர்களைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் துணைக்கு வீட்டிலிருந்து இன்னொருவரை அழைத்துக்கொள்வார்கள் என்று பயம்.

கடைசி வரிகளையும் ஜோடிச் செருப்பையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இந்தப் புள்ள பேரை எப்படிக் கூப்பிடுறது என்று பொன்னுவேல் கேட்டிருக்கிறார்.

என் மாமியார் அத்தாயி போன் செய்தார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். வழக்கமாகச் சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அன்று வைக்கவில்லை.

"ஏனுங்க மாப்பிள்ளை, நீங்க அதுக்குன்னே படிச்சவரு. அந்தப் பாட்டுல என்னதான் இருக்குதுங்க? வந்து அவங்க பெரியப்பாருகிட்ட ஒரு தடவ சொல்லிப்போடுங்க. எம் புள்ள பேரக் கூப்பிடோணும்."

வருகிறேன் என்றேன். எப்போது என்று சொல்லவில்லை.

பல தடவை படித்தேன். எனக்கு ஒன்றும் தெளியவில்லை. அவள் குரல் வந்தது, சொல் வரவில்லை. அதனால் கவிதையை வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

என் வகுப்பில் கவிதையை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன். எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி நகல் எடுப்பேன். பெயர் தெரிந்தால் பிள்ளைகள் கவிதையை விட்டுவிட்டு ஆளைப் படிக்கிறார்கள். பருவத்தின் கடைசி வகுப்பில் எல்லாப் பெயரையும் கரும்பலகையில் எழுதுவேன். அதுவரை எழுதியவரைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. கவிதையில் ஒரு பொருள் வந்தால் அது முதலில் பொருள்தான். எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் அது எதைக் குறிக்கிறது என்று கேட்கலாம். இரண்டு அர்த்தம் வந்தால் இரண்டையும் உயிரோடு விட வேண்டும். இதையெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அன்று பனிமூட்டம். பகலிலேயே டியூப்லைட் போட்டிருந்தோம். முதல் இரண்டு வரியைப் படித்ததும் வகுப்பு கொஞ்சம் அமைதியானது. கடினமான கவிதை என்பதால் என்று நினைத்தேன்.

"இதுல பேசற 'நான்' யாரு?" என்றேன்.

"தவளைங்க சார்," என்றான் சக்தி. கடைசி வரிசை. எப்போதும் முதலில் பேசிவிடுவான்.

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவனே சங்கடப்பட்டுக் கீழே பார்த்தான். தவளை என்றால் என்ன தவறு, கவிதையிலிருந்து காட்டு என்றேன். தவளைக்கு எதுக்குங்க சார் கயிறு என்று திவ்யா சொன்னாள். அவன் ஒத்துக்கொண்டான்.

பிறகு திவ்யா பேசினாள். நன்றாகப் படிக்கிற பெண். இந்தக் குரல் போராடுவதை நிறுத்திவிட்ட குரல் என்றாள். தவளை ஏறுகிறது, சரிகிறது, மறுபடி ஏறுகிறது. 'நான்' ஏறவே இல்லை. அவசரப்படவில்லை என்பது அமைதி இல்லை, முடிவு. அவள் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். ஆதாரத்தோடு பேசினால் தலையாட்டுவது பழக்கம்.

அவள் உட்கார்ந்த பிறகு மேகலா எழுந்தாள். குள்ளமான பெண். அதிகம் பேசாதவள். அவசரப்படவில்லை என்றால் காத்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம் என்றாள். சாகப் போகிறவர் எதற்குக் காத்திருக்க வேண்டும். போனவர் திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வரும்வரை தண்ணீர் தன்னை ஒன்றும் செய்யாது, தன் உயரம் அதற்குத் தெரியும் என்று தைரியமாக இருக்கிறாள். தைரியம் தப்பாகப் போகலாம், அது வேறு.

இரண்டும் நிற்கும் என்றேன். கரும்பலகையில் இரண்டையும் எழுதினேன். சாக்பீஸ் ஈரத்தில் சரியாகப் பிடிக்கவில்லை.

கயிறு எதைக் குறிக்கிறது என்று கேட்டேன். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. தப்பிக்கும் வழி. தாலி என்றும் சொல்லலாம். அவிழ்த்துக்கொண்டு போனவர் கணவர். இதழ் வந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அவிழ்த்துக்கொண்டு போனவன் நான்தான் என்று வைத்துக்கொண்டு, எங்கே போனேன், எப்போது வருவதாகச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேகலா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணுங்க சார். அந்தக் கயிறு எதுல கட்டியிருந்துதுங்க?"

என் விதியைத்தான் கேட்டாள். எங்கே இருக்கிறது. யார் கையில் இருக்கிறது.

கயிறு சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருந்தது. குட்டையின் வடக்குக் கரையில். முடிச்சு முடிச்சாகப் போட்ட தேங்காய்நார்க் கயிறு, ஷீட்டின் மேல் தண்ணீர்வரை தொங்கும். கல்யாணமான புதிதில் கீர்த்திகா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, பாதிச் சரிவுவரை இறங்கிக் காட்டினாள். நீங்க எறங்குங்க பாக்கலாம் என்றாள். நான் இறங்கவில்லை. எஸ்டேட் ஆளுக்கு லைனு ஊட்டைத் தாண்டிக் கால் வராது என்று கேலி செய்தாள். நான் கிளியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், கூலி ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவன்.

அவளை வெளியே எடுத்த அன்று மிளகு பறிக்கும் மூங்கில் ஏணியைச் சரித்துப் போட்டுத்தான் எடுத்தார்கள். அவள் அண்ணன் மாதேஷ் அந்த ஏணியில் இறங்கினார். நான் சில்வர் ஓக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையை எங்கே வைத்திருந்தேன் என்பது நினைவு வந்தது. பட்டையில் கயிறு அறுத்த தடம் வளையமாக இருந்தது. அதில்தான் விரல்களை வைத்திருந்தேன். கயிறு இல்லை.

"சார்," என்றாள் மேகலா.

"மரத்துல," என்றேன். "உக்காரும்மா."

தாலி பற்றி நான் சொல்லவில்லை. மணி அடிக்கும்வரை முதல் பத்தியை மறுபடியும் நடத்தினேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரமங்கலம் போனேன். முந்தின வாரம் மழை பெய்து காபி பூத்திருந்தது. பஸ்ஸுக்குள்கூட வாசம் வந்தது. வீட்டுக்குப் போகுமுன் பின்பக்கமாகக் குட்டைக்குப் போனேன். அவள் இறந்தபின் அங்கே போகவில்லை.

தண்ணீர் பாதிதான் இருந்தது. சில்வர் ஓக்கில் புது நைலான் கயிறு. நீல நிறம். சாணுக்கு ஒரு முடிச்சு. பழைய தடத்தின் மேலேயே கட்டியிருந்தது. அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள்.

வீட்டில் பொன்னுவேல் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். துண்டு மடியில் மடித்து வைத்திருந்தார். அத்தை கீழே சுவரோரம். மாதேஷ் மச்சான் வாசற்படியில் வெளியே பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கனகா டீ கொடுத்துவிட்டு அடுக்களைக் கதவருகில் நின்றாள். மச்சான் இளைத்திருந்தார். வாங்க என்றதோடு சரி.

பொன்னுவேல் கெட்டவர் இல்லை. கீர்த்திகாவைக் கல்லூரிக்கு அனுப்பச் சொன்னவர் அவர். எங்கள் கல்யாணத்துக்கு முதலில் வேண்டாம் என்றவரும் அவர். வந்து நின்று நடத்திக் கொடுத்தவரும் அவர்தான்.

"காலேஜில பாடம் எடுக்கற மாதிரியே எடுங்க மாப்பிள்ளை," என்றார். "காட்டாளுக, புரியாதுன்னு சுருக்கிப்போடாதீங்க. புரியலீன்னா நாங்க கேக்கறோம். பெஞ்சு மேல மட்டும் ஏத்தி வெக்காதீங்க."

கனகா லேசாகச் சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

முதல் இரண்டு வரியைப் படித்தேன். அது நம்ம குட்டைதானுங்களே என்றார் அத்தை. ஆமாம் என்றேன். ஷீட்டை எதற்குத் தோல் என்கிறாள் என்று பொன்னுவேல் கேட்டார். தோல் என்றால் உள்ளே உயிர் இருக்கும் என்றேன். அவர் அதை யோசித்தார். மழை வெளியேறவில்லை என்றால் தண்ணி மண்ணுக்குள்ள எறங்கலீன்னு அர்த்தம், பேங்குல காசு போட்ட மாதிரி நிக்குது, அது நல்லதுதானே என்றார். நல்லதும்தான், அடைபட்டதும்தான் என்றேன். சரி மேலே போங்க என்றார். என் மாணவர்களைவிட மோசமாக அவர் படிக்கவில்லை. சிறப்பாகவும் படிக்கவில்லை. ஆனால் அவசரப்படாமல் படித்தார்.

தவளை வந்தது.

"நெசந்தானுங்க," என்றார் அத்தை. "தெனமும் நாலஞ்சு தவளை அதுல உழுந்து ஏற முடியாமச் சாவும். இவ வந்தாளுன்னா விடிஞ்சதும் வாளிய எடுத்துக்கிட்டுப் போயிருவா. அத்தனையும் மோந்து காபிச் செடிக்குள்ள ஊத்துனாத்தான் இவளுக்குக் காப்பி எறங்கும்."

எனக்கு அது தெரியாது. மூன்று வருடம் அவளோடு இருந்தேன். அவள் என் வீட்டில் தவளையைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

பொன்னுவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்ப அந்த வாளி அதுக்குத்தானா என்றார். செருப்பு என்று தானாகவே சொன்னார். ஷீட்டுல எறங்கோணுமுன்னா செருப்பைக் கழட்டித்தான் ஆகணும். இத்தனை நாள் இது ஏன் எனக்குத் தோணலை என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையின் முகத்தில் நான் அந்த மாதங்களில் காணாத ஒன்று வந்தது. நம்பிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணுதான் மாப்பிள்ளை எனக்கு," என்றார் பொன்னுவேல். "அந்தக் குட்டையில கயிறு கெடக்குது. அவ பழகுன புள்ள. சின்ன வயசுல இருந்து அதப் புடிச்சு ஏறி எறங்குனவ. சறுக்கி உழுந்தாளாவே இருக்கட்டும். கயித்தப் புடிச்சு ஏன் ஏறல? ஏற மனசில்லாமப் போனாத்தான ஏற மாட்டா? அதுக்கு அந்தப் பாட்டுல பதிலு இருக்குதுங்களா?"

இருந்தது. அடுத்த வரியே அதுதான்.

நான் படித்தேன். கயிற்றை அவிழ்த்துக் கொண்டுபோனவர் திரும்பி வருவதாகச் சொன்னார்.

வாசற்படியில் மாதேஷ் அசையவில்லை. கழுத்து மட்டும் கொஞ்சம் உள்ளே போனது. கனகா அடுக்களைக்குள் போய்விட்டாள். ஒரு பாத்திரம் நகர்ந்த சத்தம் வந்தது.

ஆவணியில் மச்சான் சில்வர் ஓக் மரம் சேலத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தார். வாடகைப் பிக்கப்பில் மரத்தை இழுத்துக் கட்டக் கயிறு வேண்டும். அப்போது நானும் ஒரு நாள் அங்கே இருந்தேன். வண்டியில் முடிச்சு முடிச்சாக ஒரு கயிறு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கயிறு என்று யோசித்ததில்லை. கீர்த்திகா தன் அண்ணனை ஒருபோதும் அவன் என்று எழுத மாட்டாள்.

"யாரு அவுத்தது?" என்றார் பொன்னுவேல்.

அத்தை என் பக்கம் திரும்பினார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அந்த வரி கவிதையில் இருக்கிறது என்று அவருக்கு அதுவரை தெரிந்திருக்காது. கடைசி இரண்டு வரியை மட்டும்தான் எல்லாரும் அவரிடம் சொல்லியிருப்பார்கள். இப்போது அவர் முகத்தில் வந்திருந்தது போய்விட்டது.

"அது பாட்டுக்காகச் சொல்றதுங்களே மாப்பிள்ளை," என்றார். நிதானமாகச் சொன்னார். "பாட்டுல ஒண்ணச் சொன்னா அது வேற ஒண்ணாமா. கீர்த்தியே சொல்லுவா. நெசக் கயிறு இல்லீங்களே?"

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரியும். கயிறு இல்லாத மரத்தை அவர் தினமும் பார்த்திருக்கிறார்.

பொருள் முதலில் பொருள்தான் என்று நான் வகுப்பில் சொல்லுவேன்.

"உருவகம்," என்றேன்.

"அப்படீன்னா?" என்றார் பொன்னுவேல்.

"நெசக் கயிறு இல்லீங்க மாமா. தப்பிக்கற வழி. அதைக் கயிறுன்னு எழுதியிருக்கா."

மாதேஷ் எழுந்தார். உள்ளே திரும்பினார். வாய் திறந்திருந்தது. "பெரியப்பா," என்றார்.

"மாதேசு," என்றார் அத்தை. "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வா சாமி. கத்துது பாரு."

மாடு கத்தவில்லை. மச்சான் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கிப் போனார். கனகா பின்கதவு வழியாக அவர் பின்னாலேயே போவது சன்னலில் தெரிந்தது.

"அப்பக் கயிறு மரத்துல இருந்துது," என்றார் பொன்னுவேல்.

"இருந்துதுங்க," என்றார் அத்தை.

பொன்னுவேல் துண்டை உதறித் தோளில் போட்டார். இனி கேட்க ஒன்றும் இல்லை என்பது போல என்னிடமிருந்து காகிதத்தை வாங்கி, இரண்டாக மடித்து, என்னிடமே கொடுத்தார். கூப்பிட மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகள் இருக்கற ஊடு என்று மட்டும் சொன்னார். அத்தை சரிங்க என்றார். டீ ஆறியிருந்தது. அவர் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

பஸ் நிற்கும் இடம்வரை அத்தை என்னோடு வந்தார். சாதாரணமாக வர மாட்டார். ரோட்டுக்கு வந்த பிறகு சொன்னார். கார்த்திகையில் மச்சான் அந்தப் பழைய கயிற்றை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போயிருக்கிறார். கனகா சந்தேகப்பட்டுப் பின்னால் போய்ப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தாளாம். கயிற்றை அடுப்பில் போட்டு எரித்தார்களாம்.

"ஊருக்குத் தெரிஞ்சா அவன் இருக்க மாட்டானுங்க," என்றார். "அவ போயிட்டா. பேரு போனாப் போவுது. பேருதானுங்களே."

பஸ் வந்தது. அத்தை என் கையைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டதே இல்லை.

"இத வேற யாருக்கும் நடத்தாதீங்க சாமி."

சரிங்க அத்தை என்றேன்.

பஸ்ஸில் காகிதத்தைப் பிரித்து மறுபடியும் படித்தேன். இன்னொன்றும் இருக்கிறது. அதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கவிதையை ஆவணியில் எழுதியவளுக்குக் கயிறு இல்லை என்று தெரியும். ஐப்பசியில் வாளியை எடுத்துக்கொண்டு போனபோதும் தெரியும். தவளைக்காக இறங்கினாளா, தெரிந்தே இறங்கினாளா, இரண்டுமா. மேகலா சொன்னதும் நிற்கிறது. திவ்யா சொன்னதும் நிற்கிறது. பொன்னுவேலுக்கு உண்மைக் கயிறு என்று சொல்லியிருந்தால் அவர் பெயரைக் கூப்பிட்டிருப்பார். அது சரியான வாசிப்பாகவும் இருந்திருக்காது.

ஏற்காட்டில் இறங்கிப் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சித்திரையில் கடைசி வகுப்பு. வழக்கம்போலக் கரும்பலகையில் கவிதைகளின் முதல் வரியை இடப்பக்கமும் எழுதியவர் பெயரை வலப்பக்கமும் எழுதினேன். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். நான் சொன்னனில்ல, பொம்பளதான் எழுதியிருப்பாங்கன்னு என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். குட்டைக்குக் கறுப்புத் தோல் போர்த்தினார்கள் என்ற வரி கடைசியில் வந்தது. அதற்கு எதிரே ஒரு கோடு போட்டேன்.

"எழுதினவங்க பேரு தெரியல," என்றேன்.

சக்தி வாயைத் திறந்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையில் கையை வைத்தான். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அந்தக் கோட்டையும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். மேகலா தலையைத் தூக்கவே இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது சின்ன ஊர். முதல் நாள் முதல் வரியிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், எழுதியவரைப் பற்றிப் பேசக் கூடாது என்ற என் விதிப்படி, மணி அடிக்கும்வரை என் மனைவி எப்படிச் செத்தாள் என்பதை எனக்காக வரி வரியாகப் படித்திருக்கிறார்கள்.

தேர்வுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பலகையை அழிக்கவில்லை. யாரோ அழித்திருப்பார்கள்.

வைகாசித் திருவிழாவுக்குப் போக வேண்டியதில்லை. போனேன். மேலே காற்று பலமாக இருந்தது. கோயில் குகைக்கு முன்னால் வரிசை நீளமாக நின்றது. ராட்டினக்காரனும் பொரிக்காரனும் மைக்கில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பங்காளிக் குடும்பங்கள் பாறைமேல் தங்கள் இடத்தில் கூடியிருந்தன. நான் மற்ற மாப்பிள்ளைகளோடு சற்றுத் தள்ளி நின்றேன். மாதேஷ் மச்சான் சின்ன மகளைத் தோளில் வைத்திருந்தார். அவள் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

பொன்னுவேல் கிழக்கே பார்த்து நின்று கூப்பிட்டார்.

"மூக்கன்."

ஒரு பெண் பாறைமேல் ஒரு பிடி சாமை வைத்தாள். வந்தாச்சுங்க என்றாள்.

"வேலம்மாள்."

இன்னொரு பிடி. வந்தாச்சுங்க.

அதற்குப் பிறகு பொன்னுவேல் உடனே உட்காரவில்லை. அத்தை இருந்த பக்கம் பார்த்தார். அத்தையும் ஒரு பிடி சாமையைக் கையில் எடுத்து வைத்திருந்தார். எதற்கு எடுத்தார் என்று தெரியவில்லை. காற்றில் அடுப்புக்கு வைத்திருந்த சருகு பறந்தது. ஒருவர் ஓடிப்போய் மிதித்தார்.

பொன்னுவேல் உட்கார்ந்து தீப்பெட்டியை எடுத்தார்.

அத்தை சாமையை மறுபடி பைக்குள் விட்டார். உள்ளங்கையில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைத் தட்டவில்லை. கையை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பொங்கல் இறக்கி, இலை போட்டு, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோதும் அவர் அந்தக் கையைத் திறக்கவில்லை. அதனால் சாப்பிடவும் இல்லை.

நான் சாப்பிட்டேன்.